பூல்வதியின் ஒற்றைமுள் வேலி

போன வாரம் மேகாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான் எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். அப்பா அம்மாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இவள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"மேம், நமஸ்தே. டிஸ்டர்ப் பண்றேனா? பழைய ஷீட் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு இருக்கோம்ல, அதுல ஒரு நாக்ஃபனி ஷீட். ஒரே ஷீட்ல ரெண்டு பேர்ச்சீட்டு இருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். ஆனா ஒண்ணுல ஒரு பேரு, இன்னொண்ணுல வேற பேரு. சிஸ்டம் ஒரு பேருதான் எடுக்கும். எதைப் போடட்டும்?"

"இரண்டாவது" என்று தட்டி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பூங்கொத்துப் படம் ஒன்று வந்தது. அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்குத்தான் மூன்று நாளாக இருப்புக்கொள்ளவில்லை. கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வந்த இந்த மொட்டைமாடி ஒற்றை அறையில், கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஏன் இரண்டு சீட்டு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. கேட்காததால் எழுதுகிறேன். அவளால் படிக்க முடியாத மொழியில்.

செடிகளை உலர்த்தி, தாளில் தைத்து, பெயரெழுதி, இரும்பு அலமாரியில் அடுக்கிவைக்கிற இடத்துக்கு உலர்தாவரக் கூடம் என்று பெயர். கோவில்பட்டியில் தாவரவியல் படித்துவிட்டு, தேர்வெழுதி, இருபத்துமூன்று வயதில் டெல்லிக்கு ரயிலேறி வந்தேன். மூன்று வருஷம் புல் தைத்தேன். பிறகு அவரைக் குடும்பம். பிறகு, மற்றவர்கள் தொட மறுத்ததால், கள்ளி. பயிற்சிக்காலம் இவ்வளவுதான். ஐம்பத்துநாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது என் விரல் நுனிகளில் ரேகையைவிடத் தழும்பு அதிகமாக இருந்தது.

கள்ளியை உலர்த்துவது மற்ற செடிகளைப் போல இல்லை. ரோஜாவைத் தாளுக்கிடையில் வைத்தால் அது செத்துப்போகும், பேசாமல் தட்டையாகிவிடும். கள்ளி சாகாது. மடலைச் செய்தித்தாள் சுருளால் பிடித்து, விளிம்பில் கத்தி வைத்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்ளே இருக்கிற கொழகொழப்பைக் கரண்டியால் வழிக்க வேண்டும். கொதிக்கிற நீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் உயிர் போகும். பிறகு உப்புத் தூவி, தாள் மாற்றி மாற்றி, அழுத்துப் பலகையின் பட்டையை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்லி மூடுபனி மாதங்களில் தாளே ஈரமாக இருக்கும். ஒரு மடல் காய ஒரு மாதம்கூட ஆகும். பெரிய முள்கூடப் பரவாயில்லை. முள் கிளம்புகிற புள்ளிக்கு முள்கண் என்று பெயர். ஒவ்வொரு முள்கண்ணிலும் பஞ்சுபோல ஒரு திட்டு இருக்கிறதே, அதுதான் குறுமுள். கண்ணுக்குத் தெரியாது. சோறு பிசையும்போது தெரியும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாளின் வலது கீழ்மூலையில் செடியின் பெயரெழுதிய சீட்டை ஒட்டுவோம். பெயர் தப்பென்று பிறகு தெரிந்தால் அந்தச் சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. பக்கத்தில் புதுச்சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் திருத்தமும் அந்தத் தாள் உள்ளவரை அக்கம்பக்கமாகக் குடியிருக்கும். பெரும்பாலும் செத்தவர் எழுதியதை உயிரோடிருப்பவர் திருத்துவார். ஒருவருக்கும் வலிக்காது.

என் மேலதிகாரி பொன்னுசாமி சார். தாராபுரத்துக்காரர். டெல்லியில் முப்பது குளிர்காலத்தைக் கழித்தும் ஊர்ப்பேச்சு மாறவில்லை. கடைநிலை ஊழியரிடம் இந்தி பேசினால்கூட அதில் தாராபுரம் இழுபடும். எதையும் உட்கார்ந்து பார்க்க மாட்டார். மேஜையில் இரு கையையும் ஊன்றி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மூக்கு தாளில் படும்படி குனிவார். பெயரைப் பென்சிலால் எழுதி மூன்று நாள் விட்டுவைப்பார். நாலாம் நாள்தான் மை. தப்பு என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "இன்னொருக்கா பாத்துருங்க அம்மணி" என்பார். அதற்குத் தப்பு என்று அர்த்தம்.

நாங்கள் இருவரும் ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டது இருபது வார்த்தை இருக்கும். அன்றைக்கு முழுக்க என் காதில் விழுந்த தமிழ் அந்த இருபதுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷப் பழக்கத்தில், நான் எண்ணிச் சொன்ன எண்ணை மட்டும் அவர் திரும்ப எண்ணுவதில்லை. நேரே மைதான். அது எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது கள்ளிக்கு வருகிறேன். நம்மூரில் சப்பாத்திக்கள்ளி என்றும் இங்கே நாக்ஃபனி என்றும் ஒரே பேராகச் சொல்வதில் இரண்டு தனித்தனி இனங்கள் இருக்கின்றன. ஓர் அம்மா வயிற்று அக்கா தங்கை மாதிரி. எங்கள் அறையில் லத்தீன் பேரை விட்டுவிட்டுப் பலமுள், ஒற்றைமுள் என்றே சொல்வோம். பலமுள் புதராகத் தரையோடு அகலும். மடல் தடித்தது, சாம்பல் பூத்த நீலப்பச்சை. ஒவ்வொரு கண்ணிலும் நாலு, ஐந்து, ஆறு முள், மஞ்சளாக, தட்டையாக, கொஞ்சம் வளைந்து. ஒற்றைமுள் ஆளுயரம் தாண்டும். விட்டால் மரம்போல அடிமரம் வைக்கும். மடல் மெல்லிசு, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும், அடியில் குறுகி ஒடுங்கும். கண்ணுக்கு ஒரு முள். சிலதில் இரண்டு. பூ இரண்டிலும் மஞ்சள்தான். பூவை நம்பினால் ஏமாறுவோம்.

நகரத்தின் தெற்கு விளிம்பில், மெஹ்ரௌலியையும் தாண்டி, பாறைக்காடு தொடங்குகிற இடத்தில் பலமுள் மண்டிக்கிடந்தது. அதை அழிக்க ஒரு திட்டம் வந்தது. காட்டில் அழித்தாலும் பக்கத்து வயல் வேலிகளில் அதே இனம் இருந்தால், பழம் தின்கிற பறவை மறுபடி கொண்டுவந்து போட்டுவிடும். ஆகவே வேலிகளில் இருப்பது பலமுள்ளாக இருந்தால் பிடுங்குவது. ஒற்றைமுள்ளாக இருந்தால் விட்டுவிடுவது. எது என்று பார்த்து எழுத வேண்டியது எங்கள் கூடம். போய்ப் பார்க்க வேண்டியது நான்.

அந்தப் பாதையில் ஐந்து வேலிகள். எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று ஒடித்து நட்டவை என்று ஊரில் சொன்னார்கள். ஆகவே முதல் வேலியில் எடுக்கிற ஒரு மாதிரித்துண்டு ஐந்துக்கும் போதும். முதல் வேலி பூல்வதியுடையது.

தை மாத மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஏ மத்ராஸன்! காட்டுல அவ்வளவு நாக்ஃபனி இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு என் வேலியை ஏன் மோந்து பாக்குறே?"

மத்ராஸன் என்றால் மதராஸ்காரி. பூல்வதிதான். ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு தனியாகக் கடுகு பயிரிடுகிறவள். வேலி அவள் மாமியார் வைத்தது. அந்த வேலி இல்லாவிட்டால் நீல்காய் வந்து ஒரே ராத்திரியில் மொத்தக் கடுகையும் மேய்ந்துவிடும் என்றாள். நீல்காய் குதிரை உயரம் வளரும் மான். அடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது.

"ஒரு துண்டுதான் வேணும், பெஹன்ஜி."

"சர்க்காரி ஆளுங்க வந்தா ஏதாச்சும் எடுத்துட்டுத்தான் போவாங்க. முள்ளை எடுத்துட்டுப் போக இன்னைக்குத்தான் ஒருத்தி வந்திருக்கா. அச்சா, ஜல்தி வெட்டு."

இனி நான் செய்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும். மேலே இளமடல்கள் இருந்தன, சாறு நிறைந்தவை. அந்தக் குளிரில் அதைக் காயவைக்க ஒரு மாதம் ஆகும், பாதியில் அழுகினாலும் அழுகும். கீழே அடிமரத்தில் பழைய துண்டுகள் கட்டைபோல, பாதி காய்ந்தே நின்றன. சுலபமாகக் காயும். குனிந்து அடியில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்று தாளுக்கு, ஒன்று கூடுதலாக வைக்கிற உபரிப்படிக்கு. கண்ணுக்கு ஏழு, எட்டு முள் இருந்தது. மேல் மடல்களில் முள் குறைவாக இருந்ததையும் பார்த்தேன். ஆடு உரசி உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருஷாவருஷம் மார்பளவுக்கு வெட்டிவிடுவதால் வேலி உயரமாகவும் இல்லை. சாலைத் தூசியில் பளபளப்பும் தெரியவில்லை. எல்லாச் சாட்சியும் என் சோம்பலுக்குச் சாதகமாகவே நின்றது.

வெட்டும்போது குறுமுள் கையெல்லாம் ஏறிவிட்டது. பூல்வதி உள்ளே போய் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக மாவை அப்பி உருட்டி எடுத்தாள்.

"இவ்வளவு படிச்சிருக்கே, கையுறை வாங்கித் தர மாட்டாங்களா உன் ஆபீஸ்ல?"

"இருக்கு. மறந்துட்டேன்."

"வீட்ல யாராச்சும் ஞாபகப்படுத்த மாட்டாங்களா?"

யாராவது என் கையைப் பிடித்து அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது. மாவு சில்லென்று இருந்தது. அவள் கேட்டதைவிட அதுதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அலுவலகத்தில் எண்ணிச் சொன்னேன். "கண்ணுக்கு ஏழு, எட்டு சார். பலமுள்."

சார் குனியவில்லை. பேனாவை எடுத்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். நான் சீட்டை ஒட்டினேன். உபரித்துண்டைப் பிளக்கவும் இல்லை, கொதிநீரில் முக்கவும் இல்லை. ஏற்கெனவே கட்டையாக இருக்கிறதே என்று செய்தித்தாளில் சுற்றி, ஜன்னலோர அலமாரியின் தலையில் போட்டேன்.

பங்குனியில் இயந்திரம் வந்து பூல்வதியின் வேலியைப் பிடுங்கியதாகக் கோப்பில் ஒரு வரி வந்தது. பதிலுக்குக் கம்பிவேலி தருவார்களாம். மற்ற நாலு வேலிகளையும் மழை முடிந்ததும் எடுப்பார்களாம். படித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் அலமாரித்தலையைத் துடைக்கப்போனபோது செய்தித்தாள் பொட்டலம் பிதுங்கியிருந்தது. பிரித்தேன். அந்தக் கட்டையிலிருந்து வெளிறிய, விரல் நீளத்தில் ஒரு புதுத்தளிர், ஒரு தலைப்புச் செய்தியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஏழு மாதம் நீரில்லாமல் வெளிச்சமில்லாமல் கிடந்து முளைத்திருக்கிறது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண்களை எண்ணினேன். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்றுமே இல்லை. ஒன்று.

அப்போதுதான் எப்போதோ படித்து மறந்தது நினைவுக்கு வந்தது. ஒற்றைமுள்ளுக்கு மடலில்தான் ஒரு முள். வயதாக ஆக அதன் அடிமரத்துக் கண்களில் முள் கூடிக்கொண்டே போகும். பத்து, பன்னிரண்டுகூட வரும். அடிமரத்தில் எண்ணுகிறவன் அக்காவைத் தங்கை என்பான். புல் தைக்கிறவர் செய்யாத தப்பு. கள்ளியோடு வருஷக்கணக்கில் இருந்து, எது சீக்கிரம் காயும் என்று தெரிந்துவைத்திருக்கிற ஒருத்திதான் செய்ய முடியும்.

சாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இருட்டுல மொளச்சதுங்க அம்மணி. இருட்டுல மொளச்சா முள்ளு கொறச்சலாத்தான் வரும். இது சாட்சி ஆகாது."

"வெளிச்சத்துல வச்சுப் பாக்கலாமா சார்?"

"வையுங்க." கொஞ்சம் கழித்து, "இன்னொருக்கா பாத்துருங்க" என்றார்.

ஜன்னல் மேடையில் மண்தொட்டியில் வைத்தேன். தினமும் காலையில் அறைக்குள் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். வெளிறல் போய்ப் பச்சை பிடித்தது. ஒரு மடல் உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. எண்ணெய்ப் பளபளப்பு. அடியில் குறுகிய இடுப்பு. கண்ணுக்கு ஒரு முள். தாய்க்கட்டை தன்னிடமிருந்ததையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு உள்ளே உளுத்துப் பொடியானது. பூல்வதியின் வேலியில் உயிரோடு மிச்சமிருந்தது இந்த ஒரு மடல்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சார் வந்து நின்று பார்த்தார்.

"ஒத்தைமுள்ளுதானுங்க. சந்தேகமில்லை. வெட்டிக் காயவச்சுருங்க."

"சார், இதை அந்தம்மாகிட்டயே கொண்டுபோய்க் குடுத்துட்டா? நட்டுக்குவாங்க."

"ஒத்தை மடலு வேலியாவறதுக்கு இருவது வருசமாகுமுங்க. மீதி நாலு வேலி அடுத்த மாசம் போயிரும். மாதிரி இல்லாம நான் எப்படி லெட்டர் எழுதுவேன்? நேத்து இதுன்னீங்க, இன்னைக்கு அதுங்கறீங்கன்னு கேட்டா எதைக் காட்டுவேன்?"

"பாதி போதாதா சார்? பாதியை..."

"அடி ஒடுங்கறதும் தெரியோணும், நுனியும் தெரியோணும். முழு மடலு வேணுமுங்க."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் கஷ்டம். மடலைப் பிளந்தேன், வழித்தேன், கொதிநீரில் முக்கினேன். பச்சை ஒரு நொடியில் ஆலிவ் நிறத்துக்கு மங்கியது. இந்த முறை எந்தப் படியையும் விடவில்லை. பழைய துண்டுக்குப் பக்கத்திலேயே தைத்து, என் முதல் சீட்டுக்குப் பக்கத்தில் என் இரண்டாம் சீட்டை ஒட்டினேன். சார் கடிதம் எழுதினார். நாலு வேலியும் நின்றன, இன்றும் நிற்கின்றன.

என்னை அவர் ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம், நான் எண்ணிச் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் குனிந்து திரும்ப எண்ணினார். உதட்டுக்குள்ளே ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில் எண்ணுவது என் நாற்காலிவரை கேட்கும். அவர் ஓய்வுபெற்றுத் தாராபுரம் போகும்வரை கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

தாளில் திருத்தியாயிற்று. பூல்வதியிடம் சொல்லச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் பிடித்துப் போனேன்.

கம்பிவேலி வந்திருக்கவில்லை. வேலி இருந்த இடத்தில் காய்ந்த கருவேலங்கிளைகளை இழுத்துப் போட்டிருந்தாள். நடுவில் கயிற்றுக்கட்டில். பக்கத்தில் ஒரு எண்ணெய்த் தகரமும் கழியும். பகலும் ராத்திரியும் அங்கேதான் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"நீ அந்த முள்ளுக்காரிதானே?"

"ஆமா. உன் வேலியைப் புடுங்கியிருக்க வேண்டியதில்ல. அது வேற ஜாதி. நான் தப்பா எழுதிட்டேன்."

"மேல இருக்கிற ஸாப் எழுதினாரா?"

"இல்ல. நான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதினவங்க நிறைய பேரு. நான்தான் எழுதினேன்னு எவனும் இங்க நடந்து வந்ததில்ல." பிறகு குரல் ஏறியது. "வந்தா ஆச்சா? என் மாமியா வச்ச வேலி. இந்தப் பருவம் பாதிக் கடுகு போச்சு. இப்ப என்ன கொண்டுவந்திருக்கே?"

"ஒண்ணும் கொண்டுவரல."

"வெறுங்கையா?"

"வெறுங்கைதான்."

அவள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கிளம்பலாம் என்று நான் திரும்பியபோது மேற்குப் பக்கத்தில் கருவேலங்கிளை முறிகிற சத்தம் கேட்டது. சாம்பல் நிறத்தில் பெரிய உடம்பு ஒன்று, அவசரமே இல்லாமல், கடுகுக்குள் காலெடுத்து வைத்தது.

"நிக்கிறியே! வெறுங்கையும் கைதானே! தட்டு!"

தகரத்தை எடுத்துத் தட்டினேன். "ஹட்" என்றேன். பல வருஷம் கிசுகிசுப்பாகவே பேசிய கூடத்துக் குரல். நீல்காய் காதை மட்டும் திருப்பியது.

"பூனைக்குப் பால் வைக்கிறியா? கத்து!"

இந்தியில் எனக்குக் கத்த வரவில்லை. "ஏய்! போ! போயிரு! போ!" என்று கோவில்பட்டித் தொண்டையைத் திறந்தேன். எனக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. நீல்காய் உடம்பைச் சிலிர்த்து, கிளைகளைத் தாண்டி ஓடியது.

பூல்வதி சிரிக்கவில்லை. "இது என்ன பாஷை?" என்றாள்.

"எங்க ஊரு பாஷை."

"இதுக்கு அது பயப்படுது. மேற்கு மூலை உன்னோடது. அடுத்த எத்வார் வந்துரு."

எத்வார் என்றால் ஞாயிறு. போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். கடுகு நிற்கிற மாதங்களில் இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதிகம் பேசுவதே இல்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். போன ஞாயிறு பஸ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மேற்கு மூலையில் இரண்டு பாத்தி மேய்ந்து கிடந்தது. பூல்வதி தகரத்தைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.